எலிகள் சொன்ன இரண்டு பதில்கள்

கைப்பேசியைக் காதில் ஒட்டி வைத்து நெடுநேரம் பேசினால் காது சூடாகிவிடும். அந்தச் சூட்டில் பெரும்பகுதி கருவியிலிருந்து வருவது. ஆனால், அதே நேரத்தில் கைப்பேசி கண்ணுக்குத் தெரியாத மின்காந்த அலைகளையும் வெளியிடுகிறது. அவற்றில் ஒரு பகுதி தலைக்குள் புகுகிறது. அது நினைவாற்றலைப் பாதிக்குமா? மாதக்கணக்கில் மனிதர்களைக் கூண்டில் அடைத்துச் சோதிக்க முடியாது. ஆகவே, இந்தக் கேள்வி எலிகளிடம் போனது.

எலியிடம் “நினைவிருக்கிறதா?” என்று கேட்க முடியாதே! அதனால், ஆய்வாளர்கள் அதன் இயல்பையே துணைக்கு அழைக்கின்றனர். எலிக்கு முதலில் சில பொருள்களைக் காட்டுவார்கள். சற்று நேரம் கழித்து வேறு சிலவற்றைக் காட்டுவார்கள். இறுதியில் இரண்டையும் கலந்து வைப்பார்கள். நல்ல நினைவாற்றல் உள்ள எலி, சற்றுமுன் பார்த்த பொருளை விட்டுவிட்டு, முன்னதாகப் பார்த்ததையே அதிக நேரம் முகர்ந்து பார்க்கும். எதை முதலில் கண்டோம், எதைப் பிறகு கண்டோம் என்பது அதற்குத் தெரிகிறது என்று பொருள்.

சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இம்முறையைக் கையாண்டனர். வாரத்திற்கு 2 மணி நேரம் என 55 வாரங்களுக்கு எலிகள் மீது கைப்பேசி அலைகளைச் செலுத்தினர். உடலைச் சூடாக்காத அளவுக்கு மெல்லிய அலைகள் அவை. மற்றோர் எலிக்கூட்டத்தை அதே போன்ற பெட்டிகளில் வைத்தார்கள்; ஆனால், அலைகளைச் செலுத்தவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க இப்படியொரு கூட்டம் இல்லாவிட்டால் ஆய்வுக்கு மதிப்பே இல்லை. 2008இல் முடிவு வெளிவந்தது: அலைபட்ட எலிகள் பொருள்களையும் அவற்றைக் கண்ட வரிசையையும் நினைவுகூரத் தடுமாறின. பொருள் இருந்த இடத்தை மட்டும் அவை மறக்கவில்லை.

இரண்டே ஆண்டுகளில் அமெரிக்காவிலிருந்து நேர்மாறான செய்தி வந்தது. தென் புளோரிடா பல்கலைக்கழகத்தில், அல்சைமர் என்னும் மறதிநோய் வரும்படி மரபணு மாற்றப்பட்ட சுண்டெலிகளை ஆய்வு செய்தனர். நடுவில் அலைபரப்பியும் அதைச் சுற்றிலும் கூண்டுகளும் இருந்தன. நாளுக்கு இருமுறை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் அலைகள் பாய்ந்தன. பல மாதங்களுக்குப் பின் அந்தச் சுண்டெலிகளின் நினைவாற்றல் கூடியிருந்தது! தீங்கை எதிர்பார்த்தவர்களே வியந்தனர்.

எது உண்மை? இரண்டையும் பொய் என்று தள்ளிவிட முடியாது. விலங்கு வேறு, அலையின் அளவு வேறு, காலம் வேறு, சோதனையும் வேறு. எனவே, ஓர் ஆய்வை மட்டும் படித்துவிட்டு “கைப்பேசி மூளையை அழிக்கும்” என்று முழங்குவதும், “மறதிக்கு மருந்து” என்று கொண்டாடுவதும் அவசரப் பேச்சே.

தலையின் அளவையும் மறக்கக்கூடாது. எலியின் மூளை ஏறத்தாழ 2 கிராம். மனித மூளையோ ஏறத்தாழ 1,400 கிராம். எலியின் சிறிய தலையில் அலைகள் மூளை முழுவதையும் எட்டிவிடும். மனிதனிடம் கைப்பேசியை ஒட்டிய பக்கமே பெரும்பகுதியை ஏற்கிறது. புதிய நினைவுகளைப் பதிவுசெய்யும் ஹிப்போகேம்பஸ் என்னும் பகுதியோ மூளையின் உட்புறத்தில், சில சென்டிமீட்டர் ஆழத்தில் அமைந்துள்ளது.