சீனியாரிட்டி போகட்டும்

அன்புள்ள மருமகளுக்கு,

கடற்படையின் சட்டப் பிரிவில் உனக்கு இடம் கிடைத்ததை அக்கா போனில் சொன்னாள். ஹைகோர்ட்டில் உன்னோடு நிற்கும் பிள்ளைகள் ‘சீனியாரிட்டி போச்சு’ என்று உன்னைக் குழப்பிவிட்டதையும் சொன்னாள். போகும்தான், அதை மறுக்க நான் எழுதவில்லை. ஆனால் முடிவெடுக்கும் முன் ஜான் பால் ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்க நீதிபதியைக் கொஞ்சம் தெரிந்துகொள்.

1920-ல் சிகாகோவில் பிறந்தவர். அவர் வீட்டார் கட்டிய ஹோட்டலில் 3,000 அறைகள். அன்றைக்கு உலகிலேயே பெரியது. பொருளாதாரப் பெருமந்தத்தில் அது நொடித்தது. குடும்ப இன்சூரன்ஸ் கம்பெனிப் பணத்தைக் கையாடினார் என்று 1933-ல் அப்பாவைக் குற்றவாளியாக்கினார்கள். அடுத்த வருஷமே இல்லினாய்ஸ் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. கோர்ட்டும் தவறும் என்பதைச் சட்டப் புத்தகம் தொடுவதற்கு வெகு முன்பே வீட்டில் பார்த்துவிட்டார்.

படித்தது ஆங்கில இலக்கியம். கடற்படையில் சேர்ந்தது 1941 டிசம்பர் 6. மறுநாள் பேர்ல் ஹார்பரில் குண்டு விழுந்தது. பிறகு அவரைக் கொண்டுபோய்ப் போட்டதும் அங்கேதான், உளவுப் பிரிவில். ஜப்பானியக் கப்பல்களில் யார் யாருக்கு ரேடியோச் செய்தி அனுப்புகிறார்கள், எவ்வளவு அடிக்கடி என்பதை வைத்தே, செய்தியின் உள்ளடக்கம் தெரியாமலேயே, நடமாட்டத்தைக் கணிக்கும் வேலை. அதற்கு வெண்கல நட்சத்திரப் பதக்கம் கிடைத்தது. சட்டம் படிக்கலாமே என்று அவர் மனத்தில் விதைத்தவர் வக்கீலாக இருந்த அண்ணன்.

1943 ஏப்ரலில் ஜப்பானியரின் ரகசியச் சங்கேதச் செய்தி ஒன்று உடைக்கப்பட்டது. பேர்ல் ஹார்பர் தாக்குதலைத் திட்டமிட்ட அட்மிரல் யாமமோட்டோ எந்த நேரத்தில் எங்கே பறக்கப்போகிறார் என்பது அதில் இருந்தது. 18-ஆம் தேதி போகன்வில் தீவின் மேல் அவருடைய விமானத்தைச் சுட்டு வீழ்த்தினார்கள். அமெரிக்கத் தரப்புக்கு அது பெரிய வெற்றி. இளம் அதிகாரி ஸ்டீவன்ஸுக்கோ உறுத்தியது. சண்டையில் எதிரே வருபவனைக் கொல்வது ஒன்று, இன்னார் என்று பெயர் தெரிந்து திட்டமிட்டுக் கொல்வது இன்னொன்று என்று பட்டது. மரண தண்டனை பற்றிய தன் பார்வையில் இதற்கும் பங்கு உண்டு என்று முதுமையில் ஒரு பேட்டியில் சொன்னார்.

‘கடற்படை அவரை மாற்றியது’ என்று இதைச் சுருக்கிவிடாதே. 1975-ல் உச்ச நீதிமன்றம் போனவர், 1976-ல் மரண தண்டனை செல்லும் என்றவர்களில் ஒருவர். அந்தத் தண்டனையே அரசமைப்புக்கு விரோதம் என்ற முடிவை அவர் எழுதியது 2008-ல். அப்போதும் முன்தீர்ப்புகளுக்குக் கட்டுப்பட்டு, அந்த வழக்கில் தண்டனை பெற்றவர்களுக்கு எதிராகவே வாக்களித்தார். உறுத்தலிலிருந்து எழுத்துக்கு 65 வருஷம். கோழைத்தனம் என்று சிலர் சொல்லலாம். எனக்கு அந்த நிதானம் பிடிக்கும். வேலையில் உன்னை உறுத்தும் விஷயத்துக்கு அன்றைக்கே பதில் கண்டுபிடிக்க ஓடாதே; அதை மழுங்கவும் விடாதே.

அவர் சட்டப் படிப்பு முடித்து உச்ச நீதிமன்ற நீதிபதி ரட்லெஜிடம் கிளார்க்காக இருந்தபோது, 1948-ல், எல்லிஸ் தீவில் அடைபட்டிருந்த 120 ஜெர்மானியர்களின் ஆட்கொணர்வு வழக்கு வந்தது. மனு கொடுத்தவர்கள் தோற்றார்கள். ரட்லெஜின் மாறுபட்ட தீர்ப்பை எழுத உதவியவர் ஸ்டீவன்ஸ். 2004-ல் குவான்டனாமோ கைதிகள் அமெரிக்க நீதிமன்றங்களை அணுகலாம் என்று பெரும்பான்மைத் தீர்ப்பு எழுதினார் பார், அதில் அந்தப் பழைய மாறுபட்ட தீர்ப்பை எடுத்து வைத்தார். குவான்டனாமோ ஒரு கடற்படைத் தளம் என்பதை மறந்துவிடாதே.

இரண்டு வருஷம் கழித்து ஹம்தான் வழக்கு. இது நேரடியாக உனக்கானது. பின்லேடனின் டிரைவராக இருந்த ஹம்தானுக்கு வக்கீலாக நியமிக்கப்பட்டவர் கடற்படைச் சட்ட அதிகாரி சார்லஸ் ஸ்விஃப்ட். குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கும் பேரத்துக்குத்தான் மேலிடம் அவரை அனுப்பியது. அவரோ முப்படைக்கும் தலைவரான அதிபரின் உத்தரவையே எதிர்த்து வழக்குப் போட்டார். அதிபர் அமைத்த ராணுவ விசாரணைக் குழு ராணுவச் சட்டத்துக்கும் ஜெனீவா ஒப்பந்தங்களுக்கும் முரண் என்று 5-3 கணக்கில் வந்த தீர்ப்பை எழுதியவர் ஸ்டீவன்ஸ். தீர்ப்பு வந்து சுமார் இரண்டு வாரத்தில் ஸ்விஃப்டுக்குப் பதவி உயர்வு இல்லை என்று தெரிந்தது. அவர்கள் விதிப்படி உயர்வு இல்லையென்றால் வெளியேற வேண்டும், வெளியேறினார். காரணம் என்ன என்று நான் யூகிக்கப் போவதில்லை. ஆனால் கோர்ட் மார்ஷலில் ஜட்ஜ் அட்வகேட்டாக நீ உட்காரும் நாளில் மேலதிகாரியிடம் ‘இது சட்டப்படி நிற்காது, சார்’ என்று சொல்ல வேண்டிவரும். வார்த்தையில் மரியாதை இருக்கட்டும், கருத்தில் குழைவு வேண்டாம்.

ஒரே பக்கமாக அவரை எண்ணிவிடவும் வேண்டாம். 1989-ல் தேசியக் கொடியை எரிப்பதும் கருத்துரிமையே என்று பெரும்பான்மை சொன்னபோது, தாராளவாதி என்று பெயரெடுத்த இவர் எதிர்த்து எழுதினார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சீருடை அணிந்தவரின் குரல் அது என்று மட்டும் புரிகிறது.

அவசரமான வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. முழுநேரச் சம்பள வேலையில் சேர்ந்தால் வக்கீல் தொழில் செய்யக் கூடாது. பயிற்சிக்கு எழிமலைக்கு ரயில் ஏறும் முன் பார் கவுன்சிலுக்குப் போய், வக்கீல் பதிவான சன்னதை நிறுத்தி வைக்க மனு கொடுத்து, ரசீது வாங்கி அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போ. பிறகு பார்க்கலாம் என்று விட்டால் திரும்பி வரும்போது அலைய வேண்டியிருக்கும். ஹம்தான் தீர்ப்பை அச்செடுத்து அனுப்புகிறேன். அதில் நீதிபதி தாமஸ் எழுதிய எதிர்த் தீர்ப்பை முதலில் படி, ஸ்டீவன்ஸை அப்புறம்.

அன்புடன்,
மாமா