வாடைக் காலத்து இராமேசுவரக் கடல்

பண்டைத் தமிழர் ஓர் ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். அவற்றுள் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் எனப்படும். மார்கழியும் தையும் முன்பனி எனப்படும். கூதிர் கழிந்து முன்பனி தொடங்கும் நாள்களில் உதகமண்டலத்துப் புல்வெளிகளில் உறைபனி வெள்ளுப்புப் போலப் படிந்து கிடக்கும். கொடைக்கானலில் கம்பளிப் போர்வையின்றி விடியற்காலையில் வெளியே வருதல் அரிது. அதே நாள்களில் இராமேசுவரத்தில் இறங்கும் வழிப்போக்கர், குளிர்காலம் எங்கே போயிற்று என்று வியப்பர். பெரும்பாலான இரவுகளில் அங்கே வெப்பம் 23, 24 பாகைக்குக் கீழ் இறங்குவதில்லை. நாற்புறமும் சூழ்ந்த கடல், பகலில் ஏற்ற வெப்பத்தை எளிதில் விடுவதில்லை என்பதே இதற்குக் காரணம்.

ஆயினும், அக்கரையில் குளிர்காலமே இல்லை எனக் கொள்ளுதல் பிழையாகும். மலைநாட்டில் அப்பருவத்தை அறிவிப்பது பனி. இராமநாதபுரக் கடற்கரையில் அறிவிப்பது காற்று.

அக்கரை மீனவர், வடக்கும் வடகிழக்கும் சார்ந்து வருங்காற்றை வாடை என்பர். கிழக்கினின்று வருவதைக் கொண்டல் என்பர். மேற்கினின்று வருவது கச்சான். தெற்கினின்று வருவது சோழகம். இவற்றுள் வாடை, கொண்டல் என்னும் இரண்டும் பழைய இலக்கியங்களில் அதே பொருளில் வழங்கிய சொற்களேயாம். ஏட்டில் மட்டுமே எஞ்சியுள்ளவை என்று கற்றோர் கருதும் சொற்கள், படகு தள்ளுவோர் நாவில் இன்றும் உயிரோடிருத்தல் மகிழ்தற்குரியது. நக்கீரர் பாடிய நெடுநல்வாடை, இவ்வாடையினாலேயே பெயர் பெற்ற நூல் என்பதை மாணவர் அறிவர்.

இக்காற்றின் தன்மையை அறிய வேண்டுமாயின், முதலில் நிலத்தின் அமைப்பை அறிதல் வேண்டும். பாம்பனில் தொடங்கி அரிச்சல்முனை வரையில் தென்கிழக்காக நீண்டு கிடப்பது இராமேசுவரத் தீவு. தனுக்கோடிப் பகுதியில் அஃது ஒரு மெல்லிய மணல்நாக்காகக் குறுகிவிடுகின்றது. அதன் வடபால் பாக் விரிகுடா. தென்பால் மன்னார் வளைகுடா. வடகடல் ஆழம் குறைந்தது, அலை அடங்கியது. ஆதலின் அதனைப் பெண் கடல் என்றும், அலை பெருகி முழங்கும் தென்கடலை ஆண் கடல் என்றும் மக்கள் வழங்குகின்றனர். ஒரே இடத்தில் நின்று, வலப்புறம் ஒரு கடலும் இடப்புறம் வேறொரு கடலும் வேறு வேறு நிறத்தோடும் குணத்தோடும் இருத்தலைக் காண விரும்புவோர்க்கு அரிச்சல்முனையினும் சிறந்த இடம் கிடைப்பதரிது.

ஆனால், இப்பெயர்களை நம்பி ஏமாறுதல் கூடாது. கச்சானும் சோழகமும் வீசும் வைகாசி, ஆனி, ஆடி மாதங்களிலேதான் அவை முற்றும் பொருந்தும். ஐப்பசியில் காற்றுத் திரும்பியதும் கடல்களின் குணமும் மாறிவிடுகின்றது. வாடை வடகரையில் நேரே மோதுகின்றது. ஆழம் குறைந்த நீராதலின் விரைவில் கலங்கிச் சேறாகின்றது. குறுகிய, நெருங்கிய அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து படகின் பக்கத்தில் அறைகின்றன. தென்கரைக்கோ தீவே மதிலாக நின்று காற்றைத் தடுக்கின்றது. அங்கே நீர் தெளிந்து, அடியிற் கிடக்கும் பவளப்பாறையும் தெரியும்படி அமைதியுறுகின்றது. கரைவலை இழுப்போர் இம்மாற்றத்தை நன்கறிந்து, பருவத்துக்கேற்ப ஒரு கரையினின்று மறுகரைக்கு வலையும் வள்ளமுமாகப் பெயர்ந்து செல்வர். மணல்நாக்கின் அகலம் சிறிதாதலின் அப்பயணம் நெடியதன்று. பண்டு முத்துக் குளித்தோரும் மன்னார்க் கடல் தெளிந்திருக்கும் காலத்தையே நாடினர்.

அமைதியான தென்கடலும் அரிச்சல்முனையில் நம்பத்தக்கதன்று. இரு கடல்களின் நீரோட்டமும் அங்கே கூடுகின்றன. வாடைக் காலத்தில் வங்கக் கடல்நீர் வடக்கினின்று தெற்கு நோக்கி ஓடும். கோடையில் அவ்வோட்டம் எதிராகும். காலடி மணலை நீர் அரித்துக்கொண்டே செல்லுதலால், முழங்காலளவு நீரில் நிற்பவரும் திடீரென நிலைகுலைந்து ஆழத்தில் விழுவதுண்டு. அங்கே நீராடுதலை அரசு தடுத்திருப்பது இதனாலேயே. நீராட விரும்புவோர் திருக்கோயிலின் கிழக்கே உள்ள அக்கினி தீர்த்தத்துக்கே செல்லுதல் நலம். அங்கும் புயற்சின்னம் உள்ள நாளில் கரையோடு நிற்பதே அறிவுடைமை. சில நாள்களில் அவ்விடத்துக் கடல் உள்வாங்கிப் பாறைகள் வெளியே தோன்றும். 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையை நினைந்து வெளியூரார் அஞ்சுவர்; உள்ளூராரோ காற்றும் ஓதமும் செய்யும் வேலை இஃதென்று தம் தொழிலைப் பார்ப்பர்.

இனி மழையைப் பார்ப்போம். இராமநாதபுரம் வறண்ட மாவட்டம். ஓராண்டில் அங்குப் பெய்யும் மழையில் பாதிக்கு மேற்பட்டது வடகிழக்குப் பருவக்காற்றுக் கொணர்வதேயாகும். உழவர் புழுதியிலேயே நெல்லை விதைத்துவிட்டு வானத்தை நோக்கியிருப்பர். இராசசிங்கமங்கலத்துப் பெரிய கண்மாயை 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று ஊரார் பெருமையாகக் கூறுவர். அத்தகைய கண்மாய்கள் நிரம்புவதும் நிரம்பாததும் இவ்விரண்டு மாத மழையைப் பொறுத்தது. பெய்யும் முறையிலோ அளவில்லை. 2024-ஆம் ஆண்டு நவம்பர் 20-ஆம் நாள் இராமேசுவரத்தில் ஒரே நாளில் 400 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அரையாண்டு மழை அரைநாளில் வந்தால் மண் அதனை ஏற்குமோ? தெருக்கள் ஓடைகளாயின, வீடுகளினுள் நீர் புகுந்தது.

வாடைக் காலத்தின் பெருந்துன்பம் புயலே. 1964-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில், அந்தமானுக்குத் தென்பால் தோன்றிய ஒரு காற்றழுத்தத் தாழ்வு, நாளுக்கு நாள் வலுத்து மேற்கு நோக்கி நகர்ந்தது. 22-ஆம் நாள் இலங்கையைக் கடந்து, அன்றிரவே தனுக்கோடியை அடைந்தது. அக்காலத்தில் தனுக்கோடி வெறும் மணற்பரப்பன்று. புகைவண்டி நிலையம், அஞ்சல் நிலையம், சுங்கச் சாவடி, பள்ளி, மாதா கோயில் ஆகியவற்றோடு கூடிய ஊர். இலங்கைத் தலைமன்னாருக்குக் கப்பல் ஏறுவோர் வந்து தங்கும் துறை. நள்ளிரவை ஒட்டிப் பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணிகள் வண்டி ஒன்று அவ்வூரை நெருங்கியபொழுது, கடல் மலைபோல் எழுந்து அதனை வாரிக்கொண்டு போயிற்று. வண்டியிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோருள் ஒருவரும் பிழைத்திலர். ஊரும் அழிந்தது. பாம்பன் பாலத்தின் பல கண்கள் பெயர்ந்து விழுந்தன, இ. சிரீதரன் என்னும் பொறியாளர் தலைமையில் 46 நாள்களில் அதனைச் செப்பனிட்டனர். தனுக்கோடியோ மக்கள் வாழத் தகாத இடமென்று அரசால் அறிவிக்கப்பட்டது. கூரையிழந்த மாதா கோயிற் சுவர்களும் நிலையத்தின் இடிபாடுகளும் இன்றும் காணக் கிடக்கின்றன. அவ்வழியே அரிச்சல்முனைக்கு 2017-ஆம் ஆண்டில் நல்ல சாலை திறக்கப்பட்டது. ஆயினும் பொழுது சாய்வதற்குள் யாவரும் திரும்பிவிடுதல் வேண்டும்.

அந்நாளினும் இந்நாளில் முன்னறிவிப்பு மிகச் சிறந்துள்ளது. விண்ணிற் சுழலும் செயற்கைக்கோள்கள் புயல் கருக்கொள்ளும்போதே கண்டு சொல்கின்றன. எனினும் பாம்பன் துறைமுகத்தில் புயற்கூண்டு ஏற்றும் பழைய வழக்கம் நின்றபாடில்லை. பகலில் கூண்டுகளும் கூம்புகளும், இரவில் செவ்விளக்கும் வெண்விளக்கும் ஏற்றப்படும். ஒன்று முதல் பதினொன்று வரையில் எண்கள் உண்டு. எண் ஏற ஏற இடரும் மிகும். எழுத்தறியாத படகோட்டியும் கரையினின்று அதனைப் படித்துக்கொள்ளலாம் என்பதே அதன் சிறப்பு. காற்று மிகும் நாள்களில் மீன்துறையினர் கடலுக்குச் செல்லும் அனுமதிச் சீட்டை வழங்கார். 1914-ஆம் ஆண்டில் திறந்த பழைய பாம்பன் பாலத்தில், காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைக் கடந்தால் வண்டிகள் நிறுத்தப்பட்டன. வேகத்தை அளக்கும் கருவியே சிவப்பு விளக்கை எரியச் செய்யும். அப்பாலத்துக்குப் பக்கத்தே எழுந்த புதிய தூக்குப் பாலம் 2025-ஆம் ஆண்டு ஏப்பிரல் 6-ஆம் நாள் திறக்கப்பட்டது.

புயல் இல்லாத நாள்களில் இப்பருவம் உலாவுதற்கு மிக இனியது. இத்தீவில் மலை என்று பெயர் பெற்றது கந்தமாதன பருவதம் ஒன்றே. பெயர்தான் பருவதம், உண்மையில் அது மணல்மேடு. ஆயினும் அதன்மேல் உள்ள இராமர் பாதக் கோயிலின் மாடத்தில் ஏறி நின்றால், கோபுரமும் தென்னந்தோப்பும் கடலும் ஒருங்கே தோன்றும். வாடை முகத்தில் குளிர்ச்சியாக வந்து படும். பெரிய பட்டத்தை வானில் விட்டு, அதன் இழுப்பினால் பலகைமேல் நின்று அலையிற் சறுக்கும் புதிய விளையாட்டொன்றும் இங்கு வந்துள்ளது. அதனை ஆடுவோரும் கரைவலைக்காரரைப் போலவே காற்றுக்கேற்பக் கரை மாறுகின்றனர்.

தனுக்கோடியின் ஆழமில்லா நீர்ப்பரப்புகளில் இக்காலத்தே பூநாரைகள் கூட்டமாக வந்திறங்கும். வளைந்த அலகைத் தலைகீழாக நீருள் அமிழ்த்தி, சிற்றுயிர்களை வடித்து உண்ணும் அவற்றைத் தொலைவினின்று காணுதல் நன்று. நெருங்கினால் எழுந்து பறந்துவிடும். 2025-ஆம் ஆண்டில் அரசு அவ்விடத்தைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது. உள்நாட்டில் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்களோ 2022-ஆம் ஆண்டிலேயே இராம்சார் பட்டியலில் இடம் பெற்றவை. கூழைக்கடாவும் நாரையும் அங்குள்ள கருவேல மரங்களில் கூடு கட்டுகின்றன. கண்மாய் நிரம்பாத ஆண்டில் அவை கூடு கட்டாமலே வேற்றிடம் நாடிச் செல்கின்றன. ஆகவே, உழவர் மட்டுமன்றிப் பறவைகளும் ஐப்பசி மழையை எதிர்நோக்கியே இருக்கின்றன.

தை முதிர்ந்ததும் வாடை தளரும். வடகடல் மெல்லத் தெளியும். மாசியில் சில நாள் காற்று எத்திசையினதும் அன்றி நிற்கும். அப்பொழுது இரு கடல்களும் ஒரே அமைதியாக இருக்கும். பின்னர்க் கச்சான் கிளம்பும். கரைவலைக்காரர் வள்ளத்தை மீண்டும் வடகரைக்கு இழுப்பர்.