கொல்லிமலைக் கல்லும் எக்ஸ் கதிர் அட்டவணையும்

நாமக்கல் மாவட்டத்திலுள்ள கொல்லிமலைக்கு நீங்கள் சென்றிருக்கலாம். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே போனால், மலையுச்சிகள் சிலவற்றில் செம்பழுப்பு நிறக் கற்களைக் காணலாம். இவையே பாக்சைட். மலையின் அடிப்பாறை சார்னோகைட் வகையைச் சேர்ந்தது. பன்னெடுங்காலமாகப் பெய்த மழை அப்பாறையில் கரையக்கூடியவற்றைக் கரைத்துச் சென்றது. எளிதில் கரையாத அலுமினியம், இரும்பு, டைட்டேனியம் ஆகியவற்றின் சேர்மங்கள் எஞ்சின. முன்பு இங்கு வெட்டப்பட்ட பாக்சைட், மேட்டூர் அலுமினிய ஆலைக்கு மூலப்பொருளாகச் சென்றது.

இக்கல்லில் என்னென்ன தனிமங்கள் உள்ளன என்பதைக் கல்லைக் கரைக்காமலேயே அறிய முடியுமா? முடியும். கல்லைப் பொடித்து, வில்லையாக அழுத்தி, அதன்மீது எக்ஸ் கதிர்களைப் பாய்ச்ச வேண்டும். அக்கதிர்கள் அணுவின் உட்கூட்டிலுள்ள ஓர் எலெக்ட்ரானை வெளியே தள்ளிவிடும். காலியான இடத்தை நிரப்ப வெளிக்கூட்டிலிருந்து மற்றோர் எலெக்ட்ரான் இறங்கும். இரண்டு கூடுகளுக்கும் உள்ள ஆற்றல் வேறுபாடு புதிய எக்ஸ் கதிராக வெளிவரும். அதன் ஆற்றல் தனிமத்துக்குத் தனிமம் மாறும். ஆகவே அது அத்தனிமத்தின் கைரேகை போன்றது.

மோஸ்லியின் விதி

1913-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஹென்றி மோஸ்லி என்ற இளைஞர் இக்கதிர்களை அளந்து ஓர் எளிய விதியைக் கண்டார். அணு எண்ணிலிருந்து ஒன்றைக் கழியுங்கள், விடையை வர்க்கப்படுத்துங்கள், 10.2 ஆல் பெருக்குங்கள். 'கே-ஆல்பா' என்னும் முக்கியக் கோட்டின் ஆற்றல், எலெக்ட்ரான் வோல்ட் அலகில், ஏறத்தாழக் கிடைத்துவிடும்.

இரும்பின் அணு எண் 26. எனவே 25 × 25 × 10.2 = 6375. அளந்து கண்ட மதிப்பு 6404. அலுமினியத்துக்கு (13) விதி தருவது 1469, அளவீடு 1487. இவ்வளவு நெருங்கி வரும்போது தனியாக ஓர் அட்டவணை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நம் கல்லே அதற்கு விடை சொல்லும்.

இல்லாத வனேடியம்

கருவி காட்டும் வரைபடத்தில் 4511-இல் ஓர் உயர்ந்த முகடும், 4932-க்கு அருகில் ஒரு சிறிய முகடும் இருப்பதாகக் கொள்வோம். முதல் முகடு டைட்டேனியத்தினுடையது. இரண்டாவது எதனுடையது? வனேடியத்தின் அணு எண் 23. விதிப்படி 22 × 22 × 10.2 = 4937. "ஆகா! எஃகை வலுவாக்கப் பயன்படும் வனேடியம் இக்கல்லில் இருக்கிறது!" என்று சொல்லிவிடத் தோன்றுகிறதல்லவா?

சற்றுப் பொறுங்கள், அட்டவணையைப் பாருங்கள். வனேடியத்தின் உண்மையான மதிப்பு 4952. டைட்டேனியத்துக்கோ 'கே-பீட்டா' என்னும் இரண்டாவது கோடு ஒன்று உண்டு. அதன் ஆற்றல் சரியாக 4932. நாம் கண்ட சிறிய முகடு டைட்டேனியத்தின் இரண்டாம் கோடாகவே இருக்கலாம்!

ஆனால் சிக்கல் இத்துடன் தீரவில்லை. பாக்சைட்டில் உண்மையாகவே சிறிதளவு வனேடியம் இருப்பதுண்டு. இரு கோடுகளுக்கும் இடைவெளி 20 எலெக்ட்ரான் வோல்ட்தான். வழக்கமான சிலிக்கன் உணர்கருவியில் ஒரு முகட்டின் அகலமே 130-க்கு மேல் இருக்கும். இரண்டும் ஒன்றாகக் கலந்துதான் தெரியும். இங்கும் அட்டவணையே கைகொடுக்கிறது. டைட்டேனியத்தின் இரண்டாம் கோடு முதல் கோட்டின் வலிமையில் ஏழில் அல்லது எட்டில் ஒரு பங்கே இருக்கும். கல்லே உறிஞ்சிக்கொள்ளும் கதிர்களுக்கும் திருத்தம் செய்தபின், அந்தப் பங்கைக் கழிக்க வேண்டும். மீதி இருந்தால்தான் வனேடியம் உண்டு எனலாம்.

பலர் சேர்ந்து கட்டிய பொக்கிஷம்

இத்தகைய எண்கள் எளிதில் கிடைத்தவை அல்ல. மோஸ்லி 1915-இல், 27 வயதில், கலிப்போலிப் போரில் மடிந்தார். அவரது பணியை ஸ்வீடனைச் சேர்ந்த மான்னே சீக்பான் மேலும் நுட்பமாகத் தொடர்ந்து, 1924-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசைப் பெற்றார். 1985-இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடம் இத்தகவல்களைச் சிறு கையேடாக வெளியிட்டது. இன்று அது இணையத்திலும் உள்ளது. அமெரிக்கத் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனத்தின் இணைய அட்டவணையில் நியான் (10) முதல் பெர்மியம் (100) வரை தனிமங்களின் கோடுகள் உள்ளன. ஒவ்வோர் அளவீட்டுக்கும் பக்கத்தில் அதில் எவ்வளவு பிழை இருக்கலாம் என்பதும் குறிக்கப்பட்டுள்ளது. நல்ல அட்டவணைக்கு இதுவே அடையாளம். இந்தூரில் இண்டஸ்-2 ஒளிமூலத்தில் ஆராய்பவருக்கும், நாமக்கல்லில் பள்ளி மாணவராகிய உங்களுக்கும் அந்த எண்கள் ஒன்றே, கட்டணமும் இல்லை.

விதி நமக்கு வழி காட்டும். முடிவு சொல்லுமுன் அளவீட்டைக் கேட்க வேண்டும்.

செய்து பாருங்கள்: மாங்கனீசின் (25) கே-ஆல்பா ஆற்றலை மோஸ்லி விதிப்படி கணக்கிட்டு, 5899 என்ற அளவீட்டுடன் ஒப்பிடுங்கள். அதன் கே-பீட்டா 6490. இரும்பு மிகுந்த செங்கல்லில் சிறிதளவு மாங்கனீசைத் தேடுபவர் இவ்விரு கோடுகளில் எதை நம்பலாம்? ஏன்?