வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா? துப்புரவுக் கருவிகளுக்கு ஒரு வீட்டுக் கணக்கு

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே பல வீடுகளில் ஒட்டடைக் கோல் வெளியே வந்துவிடுகிறது. கடைகளும் இணைய அங்காடிகளும் வேக்குவம் கிளீனர், பிரஷர் வாஷர், சோபா கழுவும் ஷாம்பு மெஷின் ஆகியவற்றைத் தள்ளுபடி விலையில் விற்பதும் அந்நாள்களில்தான். மாதத் தவணை சில நூறு ரூபாய்தானே என்று எண்ணி வாங்கிவிடுகிறோம். பொங்கல் கழிந்த பின் தேடினால், அக்கருவி பெரும்பாலும் பரணில், வந்த அட்டைப் பெட்டிக்குள்ளேயே கிடக்கும்.

கருவி வாங்குவது தவறு என்பது நம் கருத்தன்று. கருவியின் விலையைப் பார்ப்பதற்கு முன் அது ஆண்டில் எத்தனை நாள் பயன்படும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரை சொல்ல விரும்பும் ஒரே பாடம்.

விலை ஒன்று, விடை இரண்டு

தில்லியில் வாழும் ஒரு குடும்பத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். கணவன், மனைவி, இரு பிள்ளைகள், உடன் வாழும் தாயார். தாயாருக்கு ஆஸ்துமா உண்டு. கோடையில் வீசும் புழுதிக்காற்று வீட்டின் மூலை முடுக்கெல்லாம் படிகிறது. அவர்கள் ஒரு வேக்குவம் கிளீனரும், பால்கனியையும் காரையும் கழுவ ஒரு பிரஷர் வாஷரும் வாங்க நினைக்கிறார்கள். இரண்டும் தலா 9,000 ரூபாய் என வைத்துக்கொள்வோம்.

ஒவ்வொரு கருவியும் 5 ஆண்டுகள் உழைத்து, முடிவில் 1,500 ரூபாய்க்கு விலைபோகும் என்றால், தேய்மானம் ஆண்டுக்கு 1,500 ரூபாய். வடிகட்டி, பிரஷ், பழுதுபார்ப்பு ஆகியவற்றுக்கு ஆண்டுக்கு 500 ரூபாய். அந்த 9,000 ரூபாய் நிலையான வைப்பில் இருந்திருந்தால், 7 சதவீத வட்டியில் ஆண்டுக்கு 630 ரூபாய் ஈட்டியிருக்கும். ஆக, ஒரு கருவியை வீட்டில் வைத்திருப்பதற்கான ஆண்டுச் செலவு 2,630 ரூபாய். மின்கட்டணம் சொந்தக் கருவிக்கும் வாடகைக் கருவிக்கும் பொதுவானது என்பதால் அதைச் சேர்க்கவில்லை.

இனி வாடகை. நாள் வாடகை 600 ரூபாய், கொண்டுவந்து திருப்பித் தரும் செலவு 150 ரூபாய் எனக் கொண்டால், ஒரு முறைக்கு 750 ரூபாய். 2,630 ரூபாயை 750ஆல் வகுத்தால் மூன்றரை வருகிறது. ஆண்டுக்கு மூன்று முறை வரை தேவைப்படுமானால் வாடகை இலாபம். நான்கு முறைக்கு மேல் தேவைப்படுமானால் வாங்குவது இலாபம்.

வேக்குவம் கிளீனரை அக்குடும்பம் வாரந்தோறும் பயன்படுத்தும். ஆண்டுக்கு 50 முறை எனில் ஒரு முறைக்குச் சுமார் 53 ரூபாய்தான் ஆகிறது. தாயாரின் உடல்நலத்தையும் எண்ணினால் வாங்குவதே முறை; நுண்துகளையும் தடுக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ளதாகப் பார்த்து வாங்கலாம். பிரஷர் வாஷரோ ஆண்டுக்கு இரு முறைதான் வேண்டியிருக்கும். வாங்கினால் ஒரு முறைக்கு 1,315 ரூபாய். வாடகைக்கு எடுத்தால் 750 ரூபாய். ஐந்து ஆண்டுகளில் 5,650 ரூபாய் வேறுபாடு. திடீர் மருத்துவச் செலவு வரும் நாளில், பரணில் உள்ள கருவியை விட வங்கிக் கணக்கில் உள்ள 9,000 ரூபாயே கைகொடுக்கும்.

மேலே உள்ள தொகைகள் கணக்கு முறையை விளக்குவதற்கானவை. உங்கள் ஊரின் விலையையும் வாடகையையும் இட்டு நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

வட்டியில்லாத் தவணையா?

2013 செப்டம்பரில் இந்திய ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை, பூச்சிய வட்டி என்ற ஒன்றே இல்லை எனத் தெளிவுபடுத்தியது. வட்டி எங்கோ ஓரிடத்தில் அடங்கியே இருக்கும். முழுத் தொகையையும் உடனே செலுத்துவோருக்குக் கிடைக்கும் தள்ளுபடி, தவணையில் வாங்குவோருக்குக் கிடைக்காமல் போகலாம். கடன் அட்டைத் தவணையில் வட்டிப் பகுதிக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும், சில திட்டங்களில் நடைமுறைக் கட்டணமும் சேரும். ஒரு தவணை தவறினாலும் கடன் மதிப்பெண் குறையக்கூடும். பின்னாளில் வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கும்போது அது எதிரில் வந்து நிற்கும். ஆகவே கணக்கில் இடவேண்டியது மாதத் தவணையை அன்று. செலுத்தி முடிக்கும் மொத்தத் தொகையை.

வாடகைக்கு எடுக்கும்போது

கருவியைக் கடையிலேயே இயக்கிப் பார்த்து, கீறல், விரிசல் இருந்தால் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வடிகட்டியும் தொட்டியும் கழுவப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். முன்பு எடுத்தவர் வீட்டுத் தூசி நம் வீட்டுக்கு வரக்கூடாது. பெரிய கருவிகளுக்கு நில இணைப்புள்ள 16 ஆம்பியர் பிளக் தேவைப்படலாம். வீட்டில் அது உண்டா என்று முன்பே அறிந்துகொள்ளுங்கள். தாமதக் கட்டணம், சேதத்திற்கான பிடித்தம், முன்பணம் திரும்பும் நாள் ஆகியவை ரசீதில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

அசல் ஆதார் அட்டையை எவரிடமும் ஈடாக வைக்காதீர்கள். முன்பணத்தை யுபிஐ வழியாகச் செலுத்தினால் அதற்குப் பதிவு இருக்கும். முன்பணம் திரும்ப வருவதற்காக யுபிஐ ரகசிய எண்ணை இடச் சொன்னால் உடனே நிறுத்திவிடுங்கள். அந்த எண் பணம் அனுப்புவதற்கே உரியது; பணம் பெறுவதற்கு அது ஒருபோதும் தேவையில்லை. வாடகைச் சேவையில் குறை நேர்ந்து கடைக்காரரிடம் தீர்வு கிட்டாவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் முறையிடலாம்.

இன்னொன்றையும் நினைவில் கொள்வோம். பண்டிகைக்கு முந்தைய வாரத்தில் எல்லோருக்கும் ஒரே கருவி வேண்டியிருக்கும். மூன்று வாரம் முன்னதாகவே கழுவும் வேலையை முடித்துக்கொண்டால் கருவி கிடைப்பதும் எளிது. வாடகையைப் பேசிக் குறைப்பதும் எளிது.

மூன்றாவது வழி

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பத்துக் குடும்பங்கள் கூடி ஒரு கருவியை வாங்கலாம். ஒரு வீட்டில் ஆண்டுக்கு இரு முறை பயன்படும் கருவி அங்கே இருபது முறை பயன்படும். மேலே பார்த்த அதே கணக்கு அப்போது வாங்கச் சொல்லும். பொறுப்பாளர் யார், பழுதுச் செலவு யாருடையது என்பவற்றை மட்டும் முதலிலேயே எழுதி வைத்துக்கொள்வது நல்லது. சோபா, கம்பளம் போன்றவற்றிற்குக் கருவியுடன் வரும் பணியாளரை அமர்த்துவதும் ஒரு வழி. அவரது கூலியை வாடகையுடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அடுத்த முறை ஒரு கருவி கண்ணைக் கவரும்போது, முதலில் அதை வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். பயன்படுத்திய நாளை நாள்காட்டியில் குறித்து வையுங்கள். ஓராண்டில் நான்காவது குறியும் விழுந்தால், உங்கள் ஊர்க் கணக்கையும் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டு, தயங்காமல் வாங்குங்கள். விழாவிட்டால், அந்தப் பணம் வைப்பிலேயே வளரட்டும்.