ஜிமிக்கிக்கு விலை போடத் தெரியுமா?

ஊரப்பாக்கத்தில் உட்கார்ந்து கைவேலை நகை செய்கிறவருக்கு ஊரே பாதி முதல். மின்சார ரயிலில் ஏறினால் வண்டி மாறாமல் கடற்கரை ஸ்டேஷன். எதிரே பாரிமுனை, அதைத் தாண்டினால் சவுகார்பேட்டை. மணி, கொக்கி, கம்பி, கெம்ப் கல் எல்லாம் மொத்த விலையில் கிடைக்கிற தெருக்கள். இந்தப் பக்கம் வண்டலூரில் கிரசென்ட், அந்தப் பக்கம் பொத்தேரியில் எஸ்.ஆர்.எம். என்று இரண்டு பெரிய கல்லூரி வளாகங்கள், நடுவில் ஜி.எஸ்.டி. சாலை நெடுக அடுக்குமாடிக் குடியிருப்புகள். வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையைப் பிடித்தால் கோவளம், முட்டுக்காடு, மாமல்லபுரம்.

மீதிப் பாதி முதல், கணக்கு நோட்டு. கை நன்றாக ஓடுகிறவர்கள் இந்த ரயில் பாதையில் ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் இருக்கிறார்கள். செய்த தோட்டைப் பார்த்து நாலு பேர் "எங்கே வாங்கினே?" என்று கேட்டதும் இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் திறப்பார்கள், ஆறு மாதத்தில் களைத்துப்போய் நிறுத்துவார்கள். பெரும்பாலும் இடறுவது விலை போடும் இடத்தில்தான்.

செங்கல்பட்டு மாவட்டத்தின் பழைய கைவேலை நகை வியாபாரம் ஊசிமணி, பாசிமணி. மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில் நரிக்குறவர் குடும்பங்கள் வாழ்கின்றன. 2021 நவம்பர் 4, தீபாவளி நாளில், முதலமைச்சராக இருந்த மு.க. ஸ்டாலின் அங்கே நேரில் போய் நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டா கொடுத்தது பலருக்கு நினைவிருக்கும். மணி கோர்க்கும் அவர்களின் கைவேகம் நம்மில் யாருக்கும் வராது. ஆனால் நடைபாதையில் துணி விரித்து வைத்த மாலையை யாரும் சொன்ன விலைக்கு வாங்குவதில்லை. நூறு என்றால் முப்பதுக்குக் கேட்கிறோம். அதே மாலை கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தின் கைவினைக் கடையில் விலைச்சீட்டோடு தொங்கினால் பேரம் பேச வாய் வருவதில்லை. பொருளை எங்கே, எப்படி வைக்கிறோம் என்பதும் விலையில் சேர்த்தி. நியாயம் என்று சொல்லவில்லை; சந்தை அப்படித்தான் இருக்கிறது. தொழிலுக்கு வருகிறவர் அதைத் தெரிந்துகொண்டு வர வேண்டும்.

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். ஒரு ஜோடி சுடுமண் ஜிமிக்கி. மண், வண்ணம், கொக்கி 25 ரூபாய். பெட்டி, அட்டை 20. உருட்டிப் பிடித்து, காயவைத்து, சுட்டு, வண்ணம் தீட்ட உங்கள் கை உழைக்கும் நேரம் ஒன்றேகால் மணி என்று வைப்போம். மணிக்கு 80 என்றால் 100 ரூபாய். எட்டு மணி நேரத்துக்கு 640தான் ஆகிறது, பெரிய கூலி ஒன்றும் இல்லை. சூளையில் விரிசல் விடுவது, கூரியரில் உடைவது இரண்டுக்கும் சேர்த்து 15. ரயில், போன், கண்காட்சி வாடகைக்கு இந்த ஜோடியின் பங்கு 20. ஆக அடக்க விலை 180. இதுவரை தொழிலுக்கு ஒரு பைசா லாபமில்லை, கவனியுங்கள். கால் பங்கு, அதாவது 45 சேர்த்தால் 225. இது மொத்த விலை. பொட்டிக் கடைக்காரர் விற்றுக் கொடுத்து நூற்றுக்கு 40 எடுத்துக்கொண்டால், உங்கள் கைக்கு 225 வர, சீட்டில் 375 என்று எழுத வேண்டும்.

பெரும்பாலானவர்கள் இந்த ஜிமிக்கியை 150க்கு விற்கிறார்கள். "மண்ணுதானே, சும்மா வீட்டில இருந்து செய்யறதுதானே" என்று வாங்குகிறவர் சொல்வதைவிட, செய்கிறவரே மனசுக்குள் அப்படி நினைப்பதுதான் சிக்கல். 375க்குப் போகவில்லையா? கூலியைக் குறைக்காதீர்கள், வேலையைக் குறையுங்கள். மூன்று வண்ணம் தீட்டும் இடத்தில் ஒன்று. கையால் வைத்த பத்துப் புள்ளிக்குப் பதில் ஒரு அச்சு. ஒன்றேகால் மணியை நாற்பது நிமிடமாக்கினால் விலை தானே இறங்கும். இன்னொன்று: பொட்டிக்கில் 375 என்றால் உங்கள் பக்கத்திலும் 375தான். வாட்ஸ்அப்பில் வருகிறவருக்கு 250 என்று கொடுத்தால் கடைக்காரர் அடுத்த முறை சரக்கை எடுக்க மாட்டார்.

"சொந்தக்காரங்ககிட்டயே காசு வாங்குவியா?" என்ற கேள்வி கட்டாயம் வரும். அத்தைக்கும் சித்திக்கும் முதல் ஜோடியைப் பரிசாகக் கொடுத்துவிடுங்கள், நோட்டில் விளம்பரச் செலவு என்று எழுதிக்கொண்டு. இரண்டாவது ஜோடிக்குச் சீட்டு விலை.

எதைச் செய்வது? ஒன்றை. தொடங்குகிறவர்கள் பட்டு நூல், குவில்லிங், சுடுமண், ரெசின், கெம்ப் என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் சரக்கு வாங்கிப் போட்டுவிட்டு, அலமாரி நிறைய மணியும் கை நிறையக் கடனுமாக நிற்பார்கள். பத்து வருடத்துக்கு முன்னால் பட்டு நூல் வளையல் வீட்டுக்கு வீடு நடந்தது; எல்லோரும் செய்யத் தொடங்கியதும் விலை விழுந்தது. எளிதில் கற்கக்கூடியது எளிதில் மலிந்துபோகும். கற்க ஆறு மாதம் ஆகிற வேலை என்றால் பயப்பட வேண்டாம், அதுவே உங்களுக்கு வேலி.

சுடுமண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜோடியின் இரண்டு குடைகளையும் ஒரே உருண்டை மண்ணில், ஒரே நேரத்தில் செய்ய வேண்டும். மண் காயக் காயச் சுருங்கும். இன்று ஒன்று, நாளை ஒன்று என்று செய்தால் காதில் மாட்டும்போது ஒன்று பெரிது ஒன்று சிறிது. கொக்கிக்கான துளையை ஈரத்திலேயே குத்திவிட வேண்டும், கம்பியைவிடச் சற்றுப் பெரிதாக. சுருங்கியபின் சரியாக வரும். நிழலில் காய வேண்டும். உள்ளே துளி ஈரம் மிச்சமிருந்தாலும் தணலில் ஆவியாகி 'பட்' என்று வெடிக்கும், பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து. அதனால் தணலை மெல்ல ஏற்ற வேண்டும். புகைக்கு அக்கம்பக்கத்தார் சும்மா இருக்க மாட்டார்கள் என்பதால் அடுக்குமாடியில் இருப்பவர்கள் ஒரு குயவரிடம் பேசி அவர் சூளையில் இடம் வாங்குவது நல்லது, அல்லது சிறிய மின்சூளை.

இங்கேதான் நம் பருவமழை குறுக்கே வருகிறது. வரலட்சுமி நோன்பில் தொடங்கி நவராத்திரி, தீபாவளி, மார்கழிக் கச்சேரி, பொங்கல், தை முகூர்த்தம் வரை ஆர்டர் வந்துகொண்டே இருக்கும். மாமல்லபுரம் நாட்டிய விழாவும் டிசம்பர், ஜனவரியில்தான். செங்கல்பட்டுப் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மண் காயாது, வார்னிஷ் பிசுபிசுக்கும், ஊரப்பாக்கத்துத் தெரு சிலவற்றில் முழங்கால் தண்ணீர், கூரியர் பையன் வர மாட்டான். ஆகவே சித்திரை, வைகாசி வெயிலில் சுட்டு அடுக்கிவிடுங்கள். மழைக்காலத்தில் வண்ணம் தீட்டுவதும் கோர்ப்பதும் மட்டும். வெயில் காலத்தில் சரக்கில் காசு முடங்கும். அந்த மூன்று நான்கு மாதத்தைத் தாங்குகிற தொகைதான் உங்கள் உண்மையான முதலீடு. ப்ளையர் செட்டுக்கும் தட்டுக்கும் பெரிதாக ஆகாது.

தொடக்கூடாதவையும் உண்டு. மாமல்லபுரம் போய்வந்தால் சங்கு, சிப்பி வைத்து நகை செய்யக் கை துறுதுறுக்கும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் பவளப்பாறைகளும், நாட்டிலஸ் உள்ளிட்ட சில சங்கு, சிப்பி வகைகளும் இருக்கின்றன. கரையில் கிடைத்தது, கடையில் விற்றது என்ற சமாதானம் செல்லாது. வகை தெரியாத சிப்பியைத் தொடாமல் விடுங்கள். வடசேரியில் கைவேலையாகச் செய்யப்படும் நாகர்கோவில் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. சவுகார்பேட்டையில் வாங்கிய வார்ப்பு நகையை அந்தப் பெயரில் விற்பது ஏமாற்று வேலை, வழக்குக்கும் இடம். தங்கத்தின் பக்கம் போனால் ஹால்மார்க், பி.ஐ.எஸ். பதிவு என்று அது வேறு உலகம், இப்போதைக்கு வேண்டாம்.

கொக்கியில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. மலிவுக் கொக்கியில் நிக்கல் இருக்கும். காது அரித்துச் சீழ் வைத்தால் அந்த வாடிக்கையாளர் போனது போனதுதான், கூடவே அவர் தோழிகள் பத்துப் பேரும். ஐரோப்பிய ஒன்றியத்தில் காதுத் துளையில் போடும் பாகத்திலிருந்து வாரத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.2 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் கசியக் கூடாது என்று விதியே இருக்கிறது. சர்ஜிக்கல் ஸ்டீல் கொக்கி சில ரூபாய் கூடுதல். அட்டையில் அதைப் பெரிதாக எழுதுங்கள்.

இனி விற்பனை. ஒற்றை ஒற்றையாக இன்ஸ்டாகிராமில் விற்பது அழகாக இருக்கும், சோறு போடாது. ஐம்பது பேர் "விலை என்ன?" என்று கேட்டால் நாலு பேர் வாங்குவார்கள், பதில் எழுதுவதிலேயே பொழுது போய்விடும். படத்துக்குக் கீழேயே விலையை எழுதிவிட்டால் பாதித் தொல்லை தீரும். 'டி.எம். பண்ணுங்க' என்பது எனக்குப் பிடிக்காத பழக்கம், வாங்குகிறவருக்கும் பிடிக்காது. நிதானமாக வருமானம் தருவது வளைகாப்பு, கொலு, புதுமனை புகுவிழாவுக்கான ரிட்டர்ன் கிஃப்ட். ஒரே மாதிரியான அறுபது ஜோடித் தோடு. ஒரே அச்சு, ஒரே வண்ணம், ஒரே நாளில் சூளை. பாதித் தொகை முன்பணம் வாங்காமல் மண்ணைத் தொடாதீர்கள். அடுத்தது நாட்டியப் பள்ளிகள்: சலங்கை பூஜைக்கும் அரங்கேற்றத்துக்கும் செட் செட்டாகத் தேவைப்படும், ஒரு ஆசிரியைக்குப் பிடித்துவிட்டால் வருடா வருடம் வரும். கல்லூரி விழா ஸ்டாலில் 100 ரூபாய்க்குக் கீழ் உள்ளதுதான் ஓடும். 375 ஜிமிக்கியை அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டு மாணவிகளைக் குறை சொல்லக் கூடாது. சுய உதவிக் குழுவில் இருந்தால் மகளிர் மேம்பாட்டு நிறுவனம் நடத்தும் கண்காட்சிகளிலும் கல்லூரிச் சந்தையிலும் இடம் கேட்கலாம்.

வெளிநாட்டுத் தமிழர்கள் நல்ல வாடிக்கையாளர்கள். ஆனால் 800 டாலருக்குக் கீழான பார்சலுக்கு அமெரிக்காவில் இருந்த வரிவிலக்கு 2025 ஆகஸ்ட் 29 முதல் இல்லை. டல்லாஸில் இருக்கும் அண்ணிக்கு அனுப்பும் ஆரத்துக்கும் இப்போது வரி உண்டு என்பதை விலை சொல்லும்போதே சொல்லிவிடுங்கள். ஏற்றுமதியாகச் செய்ய ஐ.இ.சி. எனும் இறக்குமதி-ஏற்றுமதிக் குறியீட்டு எண் வேண்டும்.

காகித வேலை பயப்படுகிற அளவுக்கு இல்லை. சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இணையத்தில், ஆதார் எண்ணோடு, கட்டணம் கிடையாது. காசு கேட்கும் தளம் அரசுடையது அல்ல. தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்கிறவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்தைத் தாண்டும் வரை ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை, வெளிமாநிலம், இணையச் சந்தை என்று போகும்போது விதி மாறும், ஒரு ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கைவினைஞர் அடையாள அட்டை வாங்கி வைத்தால் அரசுக் கைவினைக் கண்காட்சிகளுக்கு விண்ணப்பிக்க உதவும்.

கடன் என்றால் முத்ராவில் 'சிசு' பிரிவு, 50,000 ரூபாய் வரை, பிணை இல்லாமல். பி.எம். விஸ்வகர்மாவின் 18 தொழில்களில் பொற்கொல்லரும் குயவரும் உண்டு, மணி கோர்ப்பவர் இல்லை. தமிழக அரசு 2025இல் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டம் 35 வயது நிரம்பியவர்களுக்கு. 3 லட்சம் வரை கடன், அதில் கால் பங்கு, அதிகபட்சம் 50,000 மானியம் என்று அறிவிக்கப்பட்டது. உங்கள் வேலை எந்தப் பிரிவில் வரும், இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்பதை மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் கேளுங்கள். என் கருத்து: முதல் ஆண்டில் கடனே வேண்டாம். விலை சரியாகப் போடத் தெரியாதவருக்குக் கிடைக்கும் கடன், நஷ்டத்தைப் பெரிதாக்கத்தான் உதவும்.

வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இறங்கலாமா என்று கேட்பவர்கள் மறைமலை நகர் ஆலைகளிலும் சிறுசேரி அலுவலகங்களிலும் நிறைய இருக்கிறார்கள். ஒரு முழு ஆண்டுக் கணக்கை எழுதுங்கள். அதில் ஆடி மாதத்தின் மந்தமும் ஐப்பசி மழையும் தை முகூர்த்தமும் இருக்க வேண்டும். உங்கள் மணிக்கூலியைக் கழித்தபிறகும் பன்னிரண்டில் எட்டு மாதமாவது நோட்டில் மிச்சம் காட்டினால் ராஜினாமாக் கடிதத்தை எழுதலாம். அதுவரை மாதச் சம்பளத்தை விடாதீர்கள்.