முதல் சம்பளமும் பந்தயத் தளமும்: குன்றத்தூருக்கு வந்த புதுத் தொழிலாளிக்கு

ஒரகடத்திலோ இருங்காட்டுக்கோட்டையிலோ வேலை கிடைத்து, குன்றத்தூரில் நாலு பேரோடு அறை எடுத்துத் தங்குகிறீர்கள். முதல் சம்பளம் கணக்கில் ஏறிய வாரமே வாட்ஸ்அப்பில் ஒரு பந்தயத் தளத்தின் இணைப்பு வந்து சேரும். அனுப்புகிறவர் முன்பின் தெரியாதவராக இருக்க மாட்டார். பக்கத்து லைனில் நிற்பவர், ஊர்க்காரர், ரூம்மேட். "ஐடி எடுத்துக்கோடா, ஆயிரம் போட்டா ஆயிரம் போனஸ்" என்பார். அந்தத் தளத்துக்குள் என்ன நடக்கிறது என்பதைக் காசு கட்டுவதற்கு முன்னால் தெரிந்துகொள்ளுங்கள். தெரிந்துகொண்டவர் கட்ட மாட்டார் என்ற நம்பிக்கையில்தான் இதை எழுதுகிறேன்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுக்கு எதிராக 2021-இல் தமிழ்நாடு கொண்டுவந்த தடைச் சட்டத்தை அந்த ஆண்டு ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழுவின் பரிந்துரைப்படி எழுதப்பட்ட சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி இணையச் சூதாட்டத்தில் பணம் வைத்து ஆடுபவருக்கே மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2023 நவம்பரில் அதே உயர் நீதிமன்றம் ரம்மி, போக்கர் இரண்டையும் திறமை ஆட்டம் என்று விலக்கியது. கிரிக்கெட் பந்தயத்துக்கு அந்த விலக்கு கிடையாது. அடுத்து 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டு எதையும் நடத்தக் கூடாது என்றது. ட்ரீம்11 தன் கட்டணப் போட்டிகளை அந்த வாரமே நிறுத்தியது. ஆகவே இன்று உங்கள் கைக்கு வரும் பந்தய இணைப்பு, பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து திருட்டுத்தனமாக நடத்தப்படும் தளத்தின் இணைப்புதான். ஏமாந்தால் அந்தக் கம்பெனியின் கதவைத் தட்ட முடியாது.

இனி கணக்கு. டாஸ் போடுவதை எடுத்துக்கொள்வோம். தலை, பூ இரண்டுக்கும் சம வாய்ப்பு. நியாயமான பந்தயம் என்றால் 100 கட்டி ஜெயித்தவருக்கு 200 வர வேண்டும். தளத்தில் இரண்டு பக்கமும் 1.90 என்று போட்டிருக்கும். ஒருவர் தலைக்கு 100, இன்னொருவர் பூவுக்கு 100 கட்டினால் தளத்துக்கு வருவது 200. ஜெயித்தவருக்குப் போவது 190. யார் ஜெயித்தாலும் பத்து ரூபாய் தளத்துக்கு. அதாவது, கட்டுகிற ஒவ்வொரு நூறு ரூபாயிலும் சராசரியாக ஐந்து ரூபாய் போகிறது. ஐந்துதானே என்று தோன்றும். ஆனால் அது நீங்கள் போட்ட முதலுக்கான ஐந்து சதவீதம் கிடையாது. திரும்பத் திரும்பக் கட்டும் மொத்தத் தொகைக்கு. ஐநூறு ரூபாயை ஒரே இரவில் இருபது முறை சுற்றினால் கட்டிய மொத்தம் பத்தாயிரம். அதில் ஐந்து சதவீதம் ஐநூறு. கணக்குப்படி முதல் முழுக்கப் போய்விட்டது. நடுவில் பல முறை ஜெயித்திருப்பீர்கள், அதுதான் மனசில் நிற்கும்.

போனஸும் இதே கணக்குதான். "பத்து மடங்கு விளையாடிய பிறகே எடுக்கலாம்" என்று நிபந்தனைகளில் எங்கோ எழுதியிருக்கும். ஆயிரம் போனஸுக்கு பத்தாயிரம் ரூபாய்க்குப் பந்தயம் கட்ட வேண்டும். இலவசமாகக் கொடுத்ததில் பாதி திரும்பிவிடும். அதற்குள் கையும் பழகிவிடும்.

விமானம் மேலே ஏறி, திடீரென்று காணாமல் போகிற ஆட்டம் ஒன்று இளைஞர்களிடையே ரொம்பப் பரவியிருக்கிறது. நூற்றுக்கு 97 திரும்பும் என்று அதைத் தயாரித்தவர்களே அறிவித்திருக்கிறார்கள். அதை அப்படியே நம்பினாலும், நிமிடத்துக்கு நாலு சுற்று வீதம் அரைமணி நேரத்தில் 120 சுற்று. சுற்றுக்கு நூறு ரூபாய் என்றால் கட்டுவது 12,000, இழப்பு சராசரியாக 360. ஒரு ஐபிஎல் போட்டி முடிய மூன்றரை மணி நேரம் ஆகும். இந்த விமான ஆட்டம் சாப்பாட்டு இடைவேளையிலேயே ஆளைக் காலி செய்துவிடும். நகல் தளங்களில் அந்த 97-உம் இருக்குமா என்று யாரும் உறுதி தர முடியாது.

டெலிகிராமில் "நாளைக்கு யார் ஜெயிப்பாங்க, கரெக்டா சொல்றேன்" என்று டிப்ஸ் தருகிறவர்களின் வித்தை எளிது. 800 பேரில் பாதிப் பேருக்கு ஒரு அணி ஜெயிக்கும் என்றும், மீதிப் பேருக்கு எதிரணி என்றும் அனுப்புவார்கள். சரியாக வந்த 400 பேருக்கு அடுத்த போட்டி, பிறகு 200, கடைசியில் 100. அந்த நூறு பேரும் மூன்று போட்டி தொடர்ச்சியாகப் பலித்ததைக் கண்ணால் பார்த்தவர்கள். நாலாவது டிப்ஸுக்குப் பணம் கேட்டால் தயங்காமல் கொடுப்பார்கள்.

பணம் கட்டும் பக்கத்தை ஒருமுறை உற்றுப் பாருங்கள். ஒரு கியூஆர் கோடு வரும், பக்கத்தில் பத்து நிமிடம் குறைந்துகொண்டே ஓடும். ஸ்கேன் செய்தால் பெறுநர் பெயரில் பந்தயக் கம்பெனி இருக்காது; எங்கோ ஓர் ஊரில் இருக்கும் ஒருவரின் பெயரோ, ஏதோ 'டிரேடர்ஸ்' என்றோ இருக்கும். நாளைக்கு வேறு பெயர். பணம் அனுப்பியதும் யுடிஆர் என்னும் பரிவர்த்தனை எண்ணை அந்தப் பக்கத்தில் ஒட்டச் சொல்வார்கள். அந்தக் கணக்குகள் பெரும்பாலும் வாடகைக்கு எடுக்கப்பட்டவை. பல சமயம் மாதச் சம்பளத்துக்குக் கணக்குத் திறந்த நம்மைப் போன்றவர்களுடையவைதான்.

புதுத் தொழிலாளி மிகவும் பயப்பட வேண்டிய இடம் இது என்பேன். பந்தயத்தில் விட்ட பணம் போனது போனதுதான்; கணக்கை வாடகைக்கு விட்டால் வேலையே போகலாம். "ஏடிஎம் கார்டு, சிம் ரெண்டையும் குடு, மாசம் இவ்வளவு தர்றோம்" என்பார்கள். சைபர் மோசடியில் பணம் இழந்த ஒருவர் வேறு மாநிலத்தில் 1930 என்னும் சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் புகார் செய்தால், அந்தப் பணம் கடந்துபோன ஒவ்வொரு கணக்கையும் போலீஸ் முடக்கச் சொல்லலாம். உங்கள் சம்பளமும் அதற்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். அந்த மாநிலத்துக் காவல் நிலையத்துக்குப் போய் விளக்கம் சொல்ல லீவு வேண்டும். கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு அந்த லீவை யார் தருவார்கள்? பந்தய ஐடி விற்றால் கமிஷன் என்னும் 'பார்ட் டைம்' வேலையும் இதே ரகம். மத்தியச் சட்டத்தில் இத்தகைய ஆட்டத்தை நடத்துவதும், அதற்குத் துணைபோவதும், பணப் பரிமாற்றத்துக்கு வழிசெய்வதும் மூன்றாண்டு வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம் உள்ள குற்றங்கள். ஜாமீனும் எளிதில் கிடைக்காது.

ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கிறீர்களா? "விட்டதைப் பிடிச்சிட்டு நிறுத்திடறேன்" என்ற நினைப்பு வந்தால், அதுவே நிறுத்த வேண்டிய நேரம். தளத்தில் மீதி இருப்பதை விட்டுவிடுங்கள். அதை எடுக்க 'வரி' கட்டு, 'டெபாசிட்' கட்டு என்று கேட்டால் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். வங்கிச் செயலியில் யுபிஐ தினசரி வரம்பை இரண்டாயிரத்துக்குக் குறையுங்கள். சம்பளம் ஏறும் நாளிலேயே வாடகை, மெஸ், வீட்டுக்கு அனுப்புவது மூன்றும் தானாகப் போய்விடும்படி ஏற்பாடு செய்யுங்கள். கைமாத்து, கடன் செயலி, நகைக் கடன் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி, வீட்டில் ஒருவரிடம் காட்டுங்கள். அக்காவோ மாமாவோ, கத்தினாலும் கைவிடாத ஒருவர். கடன் செயலிக்காரர் போனில் உள்ள எண்களுக்கெல்லாம் அழைத்து மானத்தை வாங்குவேன் என்று மிரட்டினால் பணிய வேண்டாம். கடன் செயலி போனின் தொடர்பு எண்களைத் தொடக் கூடாது என்பது 2022 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி போட்ட விதி. மிரட்டலைப் பதிவு செய்து சைபர் போலீஸில் கொடுங்கள். தூக்கம் இல்லை, உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறது என்றால், 14416-க்கு அழையுங்கள். டெலி மானஸ் என்னும் அரசு சேவை அது; இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.

சூப்பர்வைசர்களுக்கும் ஒரு வார்த்தை. பிரஸ் ஷாப்பில் நிற்கும் பையன் மாதத்தில் இரண்டாம் முறை அட்வான்ஸ் கேட்கிறான், ஐபிஎல் இரவுகளில் மட்டும் ஷிஃப்ட் மாற்றிக் கேட்கிறான், கழிவறையில் போனோடு நெடுநேரம் இருக்கிறான் என்றால், மெமோ கொடுப்பதற்கு முன்னால் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்து, "எவ்வளவு கடன் ஆச்சு?" என்று நேராகக் கேளுங்கள். இராத்திரி முழுக்க விழித்திருந்தவனை அன்றைக்கு மெஷினில் நிறுத்தாதீர்கள், பேக்கிங்குக்கு அனுப்புங்கள். கடனைத் தீர்க்க ஓவர்டைம் கேட்டால் வாரத்துக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே அளவு வையுங்கள். இதையெல்லாம் ஆலையின் வாயிலில் புதியவர்களுக்குச் சொல்லும் பாதுகாப்பு வகுப்பிலேயே, ஹெல்மெட், ஷூவோடு சேர்த்துப் பத்து நிமிடம் சொல்லிவிடலாம். 1.90 கணக்கைப் பலகையில் போட்டுக் காட்ட அந்தப் பத்து நிமிடம் தாராளமாகப் போதும்.