எழுதியது தொலையாமல் இருக்க

பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கும் எனக்குக் கைபேசியும் கணினியும்தான் மேசை, அலமாரி எல்லாம். உங்களுக்கும் அப்படித்தான் என்றால், சில வேலைகளை இந்த வாரமே முடித்துவிடுங்கள்.

முதலில் பழைய கோப்புகள். பாமினி போன்ற எழுத்துருவில் அடித்தவை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் படிக்கவே முடியாது. ‘அம்மா’ என்ற சொல்கூட நான்கு ஆங்கில எழுத்தும் நடுவில் ஓர் அரைப்புள்ளியுமாகக் கிடக்கும். யுனிகோடுக்கு மாற்றித்தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றியபின் வரிவரியாக மெய்ப்புப் பாருங்கள். கொம்பும் காலும் சில இடங்களில் பிசகியிருக்கும். மூலக் கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள். என்னைக் கேட்டால், இதைவிட அவசரமான வேலை வேறில்லை.

கூகுள் கணக்கில் இலவச இடம் 15 ஜிபி. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ், ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப் காப்பு எல்லாம் இதற்குள்தான். நிரம்பிவிட்டால் மின்னஞ்சல் வருவதே நின்றுவிடும். காலை வணக்க வீடியோக்களை அவ்வப்போது கழித்துக்கட்டுங்கள்.

கைபேசியில் *#06# அழுத்தினால் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை நோட்டில் எழுதி வையுங்கள். போன் தொலைந்தால், போலீஸில் புகார் கொடுத்து, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அதை முடக்க இந்த எண் வேண்டும்.

“சன்மானம் அனுப்புகிறோம், யுபிஐ பின் போடுங்கள்” என்று யாராவது சொன்னால் உடனே துண்டியுங்கள். பணம் வாங்கப் பின் எண் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.